ஜெரூஷா சொன்ன பொய்

சாமுண்டீஸ்வரியின் துப்பறியும் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே கடைக்காரர் ஒவ்வொரு மிக்ஸியாக ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மேலே பேச்சு நின்றுபோகும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கே வந்து உட்கார்ந்த ஷீலாவோ, மிக்ஸி ஓடும்போது மட்டும்தான் வாயைத் திறந்தாள்.

"சத்தமா சொல்லுங்க மேடம். நாங்க வெளில சொல்ற ஆளுங்க இல்ல. நீங்க இப்டி சொன்னா எங்களுக்கே தெரியாது," என்றான் சின்னதம்பி.

சின்னதம்பிக்கு நாற்பத்தைந்து வயது. தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே பதினெட்டு வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஒருநாள் சவாரிக்கு ஏறிய சாமுண்டீஸ்வரியிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டான். ஆட்டோ இப்போதும் அவனிடம்தான் இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. சாமுண்டீஸ்வரி அவனுக்கு நேர் எதிர். தபால் இலாகாவில், விலாசம் சரியில்லாமல் திரும்பிய கடிதங்களைப் பிரித்து, அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்லும் வேலையில் இறங்கி, அது வளர்ந்து இந்த மாடி அறையாக நின்றது.

ஷீலா ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி. தனியார் கல்லூரி ஒன்றில் அட்மிஷன் பிரிவில் வேலை. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கடை வாசலை மூன்று முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் மாடி ஏறியிருந்தாள். துப்பறிகிறவர்களிடம் வர வேண்டிய நிலைமை தன் குடும்பத்துக்கு வந்ததே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகள் ஜெரூஷா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் உண்டு. பெயர் 'வாட்டர் டேங்க்'. பள்ளித் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று பேசுகிற வம்பெல்லாம் அதில் வரும். நடத்துவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஐந்து வாரத்தில் ஜெரூஷாவைப் பற்றி மூன்று படங்கள் வந்துவிட்டன. பெயர் போடாமல் 'ஜெ' என்றுதான் இருந்தது, ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

முதல் படத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப். 'சயின்ஸில் 31 வாங்கிய ஜெ டாக்டர் ஆகப் போகிறாளாம், நோயாளிகள் இப்போதே ஓடவும்' என்று எழுதியிருந்தது. இரண்டாவது படத்தில் ஒரு பெண் முகம், மேலுதட்டில் மீசை. 'மேடவாக்கம் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தும் போகவில்லை' என்று கீழே. ஜெரூஷாவுக்கு ஹார்மோன் கோளாறு, ஷீலாதான் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். மூன்றாவது படத்தில் ஒரு மீனும் ஒரு இதயமும். 'ஜெ-யும் வி-யும். இனி டிபன் பாக்ஸில் தினமும் மீன்தான்.'

மூன்றாவது வந்த அன்று கணவன் ஜீவானந்தம் மகளின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினான். அவன் சிறுசேரியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தின் பராமரிப்பு மேனேஜர், அதிகம் பேசாதவன். நாகர்கோவிலில் இருக்கும் தன் அக்காவிடம் பேசி, அங்கே ஹாஸ்டல் உள்ள பள்ளியில் இடம் கேட்டு, ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ரயில். அதாவது நாளைக்கு.

"நாளைக்குள்ள அந்தப் பையனைப் பிடிச்சுக் குடுத்தீங்கன்னா என் பொண்ணு என்கூடவே இருப்பா மேடம்," என்றாள் ஷீலா.

எந்தப் பையன் என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள். 'வி' என்றால் விக்கி, மகளின் வகுப்புப் பையன், மாடம்பாக்கத்தில் மீன் விற்கிற ஒரு பெண்ணின் மகன் என்று ஷீலா சொன்னாள். மீன் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போன வாரம் மகளே இரவுச் சாப்பாட்டின்போது அவனைப் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொன்னாளாம். மகளிடம் நைச்சியமாகப் பேசி வீட்டு விஷயங்களைக் கறந்து, அதை வைத்து விளையாடுகிறவன் அவன்தான் என்பது ஷீலாவின் முடிவு.

"மார்க்கு, டாக்டர், பையன். இந்த மூணையும் நீங்க வெளியில யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யார்கிட்டயும் இல்ல மேடம். என் கூடப்பிறந்த அக்காவுக்கே தெரியாது."

அதைச் சொன்னபோது ஷீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பொய் சொல்லவில்லை, உண்மை என்று நம்பித்தான் சொன்னாள்.

சின்னதம்பி இதற்குள் மூன்று படங்களின் தேதிகளையும் சுவரில் தொங்கிய காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தான். "மூணும் வியாழக்கெழம மேடம். நம்ம ஸ்டாண்டுல ஆட்டோகூட இவ்ளோ கரெக்டா டைமுக்கு வராது," என்றான். சாமுண்டீஸ்வரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மாடம்பாக்கத்தில் கோயிலைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி, ஒரு புங்க மரத்தடியில் அங்காளம்மா மீன் வைத்திருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். விடியற்காலையில் கரையிலிருந்து எடுத்துவந்து இங்கே விற்றுவிட்டு, பின்னாலேயே வாடகை வீட்டில் இருக்கிறாள். ஐஸ் பெட்டியின்மேல் ஒரு போனை நிறுத்திவைத்து, அதன் முன்னால் சங்கரா மீனைச் செதில் நீக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஷீலா மூக்கைத் தலைப்பால் மூடினாள். அங்காளம்மா அதைப் பார்த்தாள்.

ஷீலா யாரையும் முந்தவிடவில்லை. உங்கள் பையன் என் பெண்ணின் மானத்தைக் கெடுத்துவிட்டான், அவனைக் கூப்பிடுங்கள் என்று தெருவில் நின்று கேட்டாள். மீன் வாங்க நின்ற இரண்டு பேர் விலையை மறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

அங்காளம்மா கையைக் கழுவினாள். படம் பிடித்துக்கொண்டிருந்த போனை அணைத்தாள். "நீதான் ஜெரூஷா அம்மாவா? ஒக்காரு. அந்த மீன் படத்த நானும் பாத்தேம்மா. அன்னிக்கு எம்புள்ள சோறு துன்னல. உம்பொண்ணு மானம் மட்டுமா போச்சு?"

அந்தப் படத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் இருக்கிறான் என்பது அந்த நிமிடம் வரை ஷீலாவுக்குத் தோன்றவே இல்லை.

மீன்காரம்மா இன்ஸ்டாகிராம் எல்லாம் பார்ப்பாளா என்று சாமுண்டீஸ்வரி விசாரித்தாள். பார்ப்பதென்ன, அவளுக்கே ஒரு கணக்கு இருந்தது. மீன் நறுக்குவதைப் படம் பிடித்துப் போடுகிறாள், ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்க்கிறார்கள். விக்கி போன வருடம் தனக்குக் கணக்கு வேண்டும் என்று அடம் பிடித்தபோது, எனக்கும் ஒன்று போட்டுக் கொடு, அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உன்னை எப்படி உள்ளே விடுவது என்று கேட்டாளாம். "ரெண்டு பேருக்கும் ஒரே கண்டிசன். அவன் என்னக் கேக்காம என் மூஞ்சப் போடக் கூடாது, நானும் அவனக் கேக்காம அவனப் பத்திப் போட மாட்டேன்."

"மேடம், நம்ம ஆபீசுக்கு இவங்கள எடுத்துக்கலாம். எனக்கு லீவு குடுத்துடுங்க," என்றான் சின்னதம்பி.

விக்கி உள்ளேயிருந்து வந்தான். ஒல்லியான பையன், மேலுதட்டில் இப்போதுதான் அரும்பு கட்டியிருந்தது. சாமுண்டீஸ்வரி மூன்று படங்களையும் காட்டி, இதை எழுதியது நீயா என்று நேராகக் கேட்டாள். அவன் கோபப்படவில்லை. முதல் படத்தைத் தொட்டுக் காட்டினான்.

"ஆன்ட்டி, ஜெரூஷா முப்பத்தொண்ணு இல்ல. இருபத்திரெண்டு. மிஸ்ஸு பேப்பர் குடுக்கறப்போ மார்க்க சத்தமா படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. அவ இருபத்திரெண்டு, நான் இருபத்திநாலு. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

மகள் ஷீலாவிடம் சொன்னது முப்பத்தொன்று. அன்று இரவு அவள் அதற்கே அழுதிருந்தாள்.

சின்னதம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஒருத்திய அசிங்கப்படுத்தணும்னு ஒக்காந்து எழுதறவன், ஒம்போது மார்க்கக் கூட்டிப் போட்டு எழுதுவானா மேடம்? இவ்ளோ நல்ல எதிரிய நான் பாத்ததே இல்ல."

அதுதான் அன்றைய நாளின் முதல் வெளிச்சம். எழுதியவருக்கு அந்த வகுப்பில் நடந்தது தெரியாது. யாரோ முப்பத்தொன்று என்று சொல்ல, அதை அப்படியே நம்பி எழுதியிருக்கிறார். சாமுண்டீஸ்வரி விக்கியிடம், உனக்கும் ஜெரூஷாவுக்கும் என்ன பழக்கம் என்று கேட்டாள்.

"லவ்வெல்லாம் இல்ல ஆன்ட்டி." பையன் அம்மாவைப் பார்த்தான். "மீதிய அவகிட்டயே கேளுங்க. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துக்கீறேன்."

சொல்லச் சொல்லி ஷீலா அங்காளம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் மறுபடி அருவாமனை முன்னால் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரியும், ஆனால் உன் மகள் வாயிலிருந்து நீ கேட்பதுதான் முறை என்று சொல்லிவிட்டாள். கிளம்பும்போது ஷீலா மன்னிப்புக் கேட்க நினைத்தாள். மூக்கை மூடிய தலைப்பு இன்னும் கையிலேயே இருந்தது. கேட்காமலே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

செலையூர் சிக்னலுக்கு முன்னால் ஒரு ஜூஸ் கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் சாமுண்டீஸ்வரி. மூன்று சாத்துக்குடி வந்தது. ஷீலா தன்னுடையதைத் தொடவில்லை.

"திரும்பி வர்ற லெட்டர்ல அனுப்பினவங்க விலாசம் இருக்காது. ஆனா உள்ள எங்கயாவது ஒரு தப்பு இருக்கும். அந்தத் தப்பை யாரால மட்டும் செய்ய முடியும்னு பார்த்தா வீடு தெரிஞ்சுபோயிடும். இங்க தப்பு முப்பத்தொண்ணு. ஜெரூஷா முப்பத்தொண்ணு வாங்கினான்னு நம்பினவங்க எத்தனை பேர்?"

ஷீலா யோசித்தாள். கணவனிடம் சொல்லவில்லை, சொன்னால் சத்தம் போடுவான். அக்காவிடம் சொல்லவில்லை. அலுவலகத்தில் மூச்சு விடவில்லை.

"நான் ஒருத்திதான் மேடம்."

"அப்ப உங்ககிட்டேர்ந்துதான் போயிருக்கு."

"சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல. ஜெபத்துக்கு மட்டும்தான் குடுத்தேன்."

சின்னதம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சாமுண்டீஸ்வரியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

ஜெபத்துக்குக் கொடுப்பது என்றால் என்ன என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ஷீலா விளக்கினாள். அவர்கள் சபையில் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. அறுபத்துமூன்று பேர். புதன்கிழமை இரவு எட்டு மணிக்குள் அவரவர் பாரத்தை ஜெபக் குறிப்பாக எழுதிப் போட வேண்டும். குழுத்தலைவி ஜான்சி அவற்றைத் தொகுத்து வைப்பாள். வியாழக்கிழமை எல்லோரும் உபவாசம் இருந்து, அந்தப் பட்டியலை வைத்து ஜெபிப்பார்கள். ஆறு வருடமாக ஷீலா ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. ஜீவானந்தத்துக்கு ஒன்றரை வருடம் வேலை இல்லாமல் இருந்தபோது அந்தப் பெண்கள்தான் வரிசை போட்டுச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதனால் அங்கே எழுதுவது அவளுக்கு ஊரிடம் சொல்வதாகவே படவில்லை. கர்த்தரிடம் சொல்வதாகத்தான் பட்டது. நடுவில் அறுபத்துமூன்று போன்கள் இருந்தன என்பதை அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"காமிங்க," என்றாள் சாமுண்டீஸ்வரி.

ஷீலா போனை எடுத்தாள். ஐந்து வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை. 'என் மகள் ஜெரூஷா சயின்ஸில் 31 மதிப்பெண் மட்டுமே எடுத்திருக்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்ற அவள் வாஞ்சைக்காக ஜெபியுங்கள்.' போன வாரம், புதன்கிழமை. 'என் மகள் விக்கி என்ற பையனின் பேரில் மனதை வைத்திருக்கிறாள். மீன் விற்கும் வீடு. இந்தக் கட்டு முறிய ஜெபியுங்கள்.' தன் எழுத்தை ஷீலா மறுபடி படித்தாள். மீன் விற்கும் வீடு என்று எதற்காக எழுதினாள்? கடவுளுக்கு அந்த விலாசம் தேவைப்பட்டதா?

டாக்டர் விஷயம் அதில் இல்லை. அது ரொம்ப அந்தரங்கம் என்று குழுவில் போடாமல், ஜான்சிக்கு மட்டும் போன் போட்டு அழுததாகச் சொன்னாள். அதுவும் ஒரு புதன்கிழமை இரவு.

"அந்த அம்மா போனைக் காதுல வெச்சுப் பேசுவாங்களா?"

ஷீலா கண்களை மூடிக்கொண்டாள். ஜான்சி எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள். பின்னால் கத்தி சத்தம் கேட்கும், டிவி சத்தம் கேட்கும். அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் இடையில் ஸ்தோத்திரம் ஆன்ட்டி என்று வணக்கம் சொல்லிக் குரல் கொடுப்பாள். மூன்று விஷயமும் போய்ச் சேர்ந்த ஒரே வீடு அதுதான். ஒன்பதாம் வகுப்பில் மிஸ் படித்த மார்க் தெரியாத ஒரே எதிரியும் அங்கேதான் இருந்தாள்.

ஷீலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டியை நேராக ஜான்சி வீட்டுக்கு விடச் சொன்னாள். அந்தப் பெண்ணை நான்கு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றாள்.

"போலாம். போய் என்ன கேப்பீங்க? எங்க வீட்டு விஷயத்தை ஏன் வெளியில சொன்னேன்னா?"

சாமுண்டீஸ்வரி அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். ஷீலா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அந்தப் பெண் வெளியே சொன்னது மூன்று முறை. இவள் சொன்னது எத்தனை முறை?

போனை மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். ஜெரூஷா பேன் தொல்லைக்கு மொட்டை அடித்துக்கொண்டது, எட்டு வயதிலும் படுக்கையை நனைத்தது, சித்தி வீட்டில் ஒரு பொம்மையைத் திருடியது, வயதுக்கு வந்தது, வந்த தேதி, கண்ணாடி முன்னால் நின்று அழுதது. எல்லாம் பெயரோடு, ஷீலாவின் கையால். மகள் இன்ஸ்டாகிராமில் கணக்கு ஆரம்பிக்க வயது போதாது என்று வீட்டில் மூன்று மாதம் சண்டை போட்டவள் அவள். அந்த மகளுக்கு எட்டு வயதிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, ஆறு வருடமாக வாராவாரம் நடத்தி வந்தவளும் அவளேதான். அவளுக்குத் தன்னை நினைத்துக் கேவலமாக இருந்தது. காலையில் தலைப்பைப் போர்த்திக்கொண்டு மாடி ஏறியபோது இருந்த வெட்கம் வேறு, இது வேறு.

"வீட்டுக்கு விடுங்க அண்ணா," என்றாள்.

ஜான்சி வீட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், சத்தம் வராமல் முடித்துவிடுவதாகவும் இறங்கும்போது சாமுண்டீஸ்வரி சொன்னாள்.

ஜெரூஷா தன் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். துணிகளை ஒரே அளவாக மடித்து, சுருக்கம் இல்லாமல் வைத்திருந்தாள். ஷீலா கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் படங்களுக்குக் காரணம் தான்தான் என்றும், ஜெபக் குழுவில் போட்டதுதான் அங்கே போனது என்றும், தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"தெரியும்மா," என்றாள் ஜெரூஷா.

எப்படித் தெரியும் என்று மகளே சொன்னாள். மார்க்கைக் கூட்டிச் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அந்த எண் படத்தில் வந்தபோதே சந்தேகம் வந்தது. ஆனால் அம்மா அப்படிச் செய்வாள் என்று நம்ப முடியவில்லை. டாக்டர் படம் வந்தபோதும், ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்திருக்கலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கடைசியில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். விக்கியிடம் போய், உன் பெயரை வைத்து ஒரு பொய் சொல்லப் போகிறேன், அது வெளியே வந்தால் உனக்குப் பரவாயில்லையா என்று கேட்டாள். என்னை எப்படியும் மீன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், போட்டுக்கொள் என்றானாம் அவன்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்ககிட்ட சொன்னேன். புதன்கிழமை எதுவும் வரல. வரக் கூடாதுன்னு நானும் ஜெபம் பண்ணிட்டிருந்தேன். வியாழக்கிழமை வந்துடுச்சு."

பதினான்கு வயதுப் பெண், தாயை ஒரு பொய்யால் சோதித்து, தாய் தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். ஷீலா தேறவில்லை. தாம்பரத்தில் மாடி ஏறி ஆள் பிடித்து அவள் கண்டுபிடித்ததை, இந்த அறையில் உட்கார்ந்தே மகள் ஒரு வாரத்துக்கு முன்னால் கண்டுபிடித்திருக்கிறாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல? நேரா கேட்டிருக்கலாமே?"

ஜெரூஷா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"சொன்னா அதையும் ஜெபத்துக்குக் குடுத்திருப்பீங்கம்மா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். மழை வரும் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். ஷீலாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் இவள் வந்து தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பாவிடம் பேசி டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்கிறேன், அவர் உன்மேல் கோபப்பட்டதே தப்பு என்றாள்.

"அப்பா அனுப்பலம்மா. நான்தான் கேட்டேன். அங்க அத்தைக்கு வாட்ஸ்ஆப் தெரியாது."

ஒரு வாரமாக ஷீலா கணவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்து அவனோடு பேசாமல் இருந்தாள். அவன் மகள் கேட்டதைச் செய்தான், மகள் சொல்ல வேண்டாம் என்றதால் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ரகசியம் காக்கத் தெரிந்தவன் அவன்தான்.

போனில் சாமுண்டீஸ்வரியின் செய்தி வந்தது. அந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது, அந்தப் பெண்ணும் அழுகிறாள், அவள் பெயர் வெளியே போக வேண்டாம் என்று இருந்தது. ஷீலா அதை மகளிடம் நீட்டினாள். ஜெரூஷா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். யார் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஷீலா அவள் கண் முன்னாலேயே குழுவைத் திறந்து, மகளின் பெயர் வரும் செய்திகளை ஒவ்வொன்றாக அழிக்கப் பார்த்தாள். பழையவை அழிய மறுத்தன, தன் போனிலிருந்து மட்டுமே போயின. மற்றவர்கள் போனில் அவை இருக்கும். அது தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

ஆறரை மணிக்கு ஜீவானந்தம் வந்தான். மனைவி தரையில் உட்கார்ந்திருப்பதையும் அவள் முகத்தையும் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டான். கேட்டவுடன் கொட்டிவிடுவது ஷீலாவின் பழக்கம். வாய்வரை வந்தது. அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லலாமா?"

அப்படி ஒரு கேள்வியை அம்மாவிடமிருந்து ஜெரூஷா கேட்டதில்லை. உண்மையாகத்தான் கேட்கிறாளா என்று அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இப்ப சொல்ல முடியாதுங்க. அவ சொல்லச் சொன்னா சொல்றேன்," என்றாள் ஷீலா.

ஜீவானந்தம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று சட்டையைக் கழற்றப் போனான். அறை வாசலில் ஜெரூஷா அவனை நிறுத்தினாள். நாளைக்கு வேண்டாம், டிக்கெட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி எடுக்க முடியுமா என்று கேட்டாள். ரத்து செய்யச் சொல்லவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான்.

அன்று இரவு ஷீலா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை வெளியே வைத்துவிட்டு, முழங்காலில் நின்று ஜெபித்தாள். மகளின் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரை மட்டும் சொன்னாள்.